போதனை என்றால் எழுப்புவது

உங்கள் நியமனக் கடிதத்தில் 'விவசாயப் போதனாசிரியர்' என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சந்தோசப்பட்டிருப்பார்கள். நல்லது, படட்டும். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களில் ஒருவராவது யோசித்தீர்களா? நானும் யோசிக்கவில்லை. சர்வீஸ் முழுக்க அந்தப் பெயரோடுதான் வரம்பு வரம்பாக நடந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்திய மாரியில்தான் ஒருவர் வந்து பொருள் சொன்னார். அவர் சொன்ன பொருளால் ஒரு பெண்ணின் வயல் யானை வாய்க்குள் போகப் பார்த்தது.

எந்தப் பயிருக்கு எப்போது பசளை போடுவது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து அடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு நெருக்கடி வந்து முன்னால் நின்றால் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கவலை. அதற்காகத்தான் இந்தக் கதை.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், காடு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு வட்டை. வட்டை என்றால் வயல்வெளி. வெளி மாவட்டங்களிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நெல் கதிர் தள்ளத் தொடங்கினால் அங்கே யானை வரும். பொழுதுபட்டதும் ஊர்ச்சனம் மரங்களில் கட்டிய பரண்களில் ஏறி, யானை வெடியும் டோர்ச் லைட்டுமாக விடியும் மட்டும் காவல் இருக்கும். விடிந்தால் வயல் வேலை. இந்த லட்சணத்தில் அவர்கள் நித்திரை கொள்வது எப்போது என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

அந்த வட்டைக்கு யானை வேலி போட்டுக் கொடுக்க ஒரு திட்டம் வந்தது. சூரிய ஒளியில் ஓடுகிற மின்சார வேலி. ஆனால் திட்டக்காரர்கள் முன்பு வேறொரு ஊரில் சூடுபட்டிருந்தார்கள். அங்கே வேலியைக் கொடுத்த கையோடு சனம் பகலில் மின்சாரத்தை நிற்பாட்டிவிட்டுக் கம்பியில் உடுப்புக் காயப்போட்டது. புல் வெட்டவில்லை, கம்பி பார்க்கவில்லை. கடைசியில் யானை வந்து வேலித்தூணில் முதுகு சொறிந்துவிட்டுப் போனது. ஆகவே இந்த முறை ஒரு விதி வைத்தார்கள். வேலியைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு நாள் போதனை நடக்கும். அதை முழுதாக எடுத்தவர்களின் வயல்கள் மட்டும்தான் வேலிக்குள் வரும். போதனை நடத்த வேண்டியது நான். நடந்ததா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டு அதிகாரி வந்தார்.

அவர் நல்ல மனுசன். லஞ்சம் வாங்கமாட்டார், பொய் எழுதமாட்டார், ஊர்க்காரரின் சோற்றுப் பார்சலைக்கூடத் தொடாமல் மனைவி கட்டிக் கொடுத்த பெட்டியைத்தான் திறப்பார். இப்படியான ஆட்களிடம்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். கள்ளனிடம் கதைத்துச் சமாளிக்கலாம். நேர்மையான மனுசனிடம் மாட்டினால் தலைகீழாக நின்றாலும் தப்ப முடியாது.

போதனை ஊர்ப் பல்தேவைக் கட்டடத்தில் நடந்தது. காலையில் கொட்டாவியோடு சமாளித்தார்கள். பகல் சாப்பாடு முடிந்து, தகரக் கூரையில் மழை மெல்ல விழத் தொடங்கியதும் முன்வரிசை சாய்ந்தது. பிறகு நடுவரிசை. நான் கரும்பலகையில் கம்பி கீறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வட்டை விதானை உட்பட எல்லோருக்கும் நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. வட்டை விதானை என்றால் அந்த வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், ஊரில் அவர் சொல்லுக்கு மறு சொல் இல்லை. அவருடைய குறட்டைக்கும் மறு சொல் இருக்கவில்லை.

மதிப்பீட்டு அதிகாரி எழும்பினார்.

"மிஸ், இவங்களுக்கு வரவு போட ஏலாது."

"ஏன் சேர்? வந்துதானே இரிக்காங்க?"

"வந்திரிக்காங்க. ஆனா போதனை எண்டா என்ன மிஸ்? வடமொழியில 'புத்' எண்டொரு வேர்ச்சொல் இரிக்கு. விழிக்கிறது எண்டு அர்த்தம். புத்தருக்கு அந்தப் பேர் வந்ததும் அதாலதான், விழிச்சவர் எண்டு. போதனை எண்டா விழிக்கப் பண்ணுறது, எழுப்பிறது. நித்திரை கொள்ற ஆளுக்குப் போதனை நடந்தது எண்டு நான் எப்பிடி எழுதுற? சொல்லே விடாதே."

விதியை வைத்து மடக்கினால் இன்னொரு விதியைத் தேடலாம். இந்த மனுசன் வேர்ச்சொல்லை வைத்து மடக்குகிறார்.

சத்தத்தில் முழித்துக்கொண்ட யோகராசா என்பவர் பின்வரிசையில் இருந்து கேட்டார். அவருக்கு முறிந்த கால் முழுக்க மாக்கட்டு.

"அப்ப சேர், போதனா வைத்தியசாலை எண்டா நோயாளியை எழுப்பிற ஆசுப்பத்திரியா?"

"அங்க வைத்தியம் படிப்பிக்கிறதால அந்தப் பேர். ஆனா வேர் அதுதான்."

"மெய்தான் சேர். நான் அங்க கிடந்த நாளெல்லாம் வெள்ளாப்பில, விடியிறதுக்கு முன்னமே, ஊசி போட எழுப்பிப் போடுவாங்க. இப்பதான் காரணம் விளங்குது."

சிரிப்பில் பாதிப் பேர் முழித்தார்கள். மீதிப் பேரை முழிக்கவைக்க அதிகாரியே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து அம்மன் கோயிலில் இருந்து கைமணி ஒன்றை வாங்கிவந்து பலமாக அடித்தார். உடனே எல்லோரும் எழும்பினார்கள். எழும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி மணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"மிஸ், இது முழிப்பா, நித்திரையா?"

"பக்தி சேர்."

"அதுக்கு இதில இடமில்லையே."

பிறகு நான் ஒரு வழி செய்தேன். இரண்டு இரண்டு பேராக இருத்தி, ஒருவர் சாய்ந்தால் மற்றவர் கிள்ள வேண்டும் என்று சொன்னேன். பழைய வரம்புத் தகராறு எல்லாம் அன்றைக்குத் தீர்ந்தது. சிலருக்கு அடுத்த நாளும் கை கன்றிப்போய் இருந்ததாம். ஆனாலும் முழித்திருந்தார்கள். பொழுதுபடுகிற நேரம் ஒருத்தரைத் தவிர எல்லோருக்கும் அதிகாரி வரவு போட்டார்.

அந்த ஒருத்தி தவமணி. யோகராசாவின் மனைவி. வட்டையின் கடைசி வயல், காட்டோரம், அவளுடையது. தாய் சீதனமாகக் கொடுத்த காணி, உறுதி அவள் பேரில், யோகராசாவின் வரவு அதற்குச் செல்லாது. யோகராசா பரணிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட பிறகு இரவுக் காவல் முழுக்க அவள் தலையில். காட்டை விட்டு இறங்குகிற யானை முதலில் மிதிப்பது அவளுடைய வரம்பைத்தான். ஊரிலேயே குறைவாக நித்திரை கொள்கிறவள் அவள். ஆகவே வகுப்பில் கூடுதலாக நித்திரை கொண்டவளும் அவள்தான்.

அவளை என்னோடு மேசையில் இருத்திப் பார்த்தேன். நித்திரை. எழுப்பிக் கையில் சோக்கைக் கொடுத்துக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். எழுதிய எழுத்து அப்படியே கீழே இழுபட்டுக்கொண்டு போனது, நின்றபடி நித்திரை. பக்கத்தில் இருந்த பெண் கிள்ளினால், "கொஞ்சம் பொறுங்ககா" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள். ஒரு தடவை திடீரென்று, "பெரியவர் வாறார்!" என்று கத்தினாள். அந்த ஊரில் யானையைப் பேர் சொல்லமாட்டார்கள், பெரியவர் என்பார்கள். வகுப்பே எழும்பி வாசலுக்கு ஓடியது. தன் மேலதிகாரி வந்துவிட்டார் என்று நினைத்து மதிப்பீட்டு அதிகாரியும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார். வெளியே யாரும் இல்லை. திரும்பி வந்தால் தவமணி நல்ல நித்திரை.

அடுத்த நாள் வேலிக்காரர்கள் வந்து முளைக்கட்டை அடித்தார்கள். காட்டோரமாக நேரே வந்த கட்டைகள் தவமணியின் வயலுக்குக் கிட்ட வந்ததும் உள்ளே வளைந்தன. அவளுடைய பரணும் கதிர் முற்றிய அவளுடைய நெல்லும் வெளியே காட்டோடு நின்றன. வேலி எழும்பினால் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மற்ற வயல்களுக்குப் போக முடியாத யானை அத்தனையும் அந்த ஒரு வயலில் இறங்கும்.

தவமணி வரம்பில் நின்று கட்டைகளைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "மிஸ், நான் முழிச்சிரிக்கத்தான் பாத்த நான். கண் கேக்குதில்ல" என்றாள். ஊரவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விதானை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரவர் வயல் உள்ளே வந்துவிட்டது, கதைத்து அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரில் கோபம் என்றுதான் தெரியவில்லை.

அதிகாரிக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "நாளைக்கு காலமை அவவுக்காக ஒருக்கா வைப்பம் மிஸ். வேலிக்காரர் நாளையோட அளவு முடிச்சிருவாங்க. நாளைக்கும் நித்திரை எண்டா நான் ஒண்டும் செய்ய ஏலா."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மேலிடத்துக்குப் போன் எடுப்பீர்கள். அழுவீர்கள். விதி பிழை என்று வாதாடுவீர்கள். வாதாடினால் நேர்மையான மனுசன் இன்னும் இறுகிப்போவான். அவனுடைய விதியோடு மல்லுக்கட்டாமல், அதைப் பிடித்துக்கொண்டு அவனோடு கூட நடந்து பாருங்கள், அது எங்கே கொண்டுபோய் விடுகிறதென்று. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது அவ்வளவுதான்.

"சேர், போதனை எண்டா எழுப்பிறது எண்டு சொன்னீங்க?"

"ஓம்."

"ஒராளை எழுப்பிறதெண்டா அந்த ஆள் முதல்ல நித்திரை கொள்ள வேணுமே. இவ நித்திரையே கொள்ளல்ல. நித்திரை கொள்ளாத ஆளை நாளைக்கு எப்பிடி எழுப்பிற?"

அவர் யோசித்தார். மெய்யாகவே யோசித்தார். அந்த மனுசனில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

"அப்ப இண்டைக்கு ராவைக்கு அவ நித்திரை கொள்ள வேணும்."

"கொள்ளட்டும். காவல் ஆரு இரிக்கிற?"

ஊரவர்களைப் பார்த்தோம். அவரவர்க்கு அவரவர் பரண். அதிகாரி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் எங்களைக் கூட்டிவந்த வாகனத்தின் சாரதியைப் பார்த்தோம்.

"எனக்கு வாகனம் ஓட்டத்தான் சம்பளம். யானை ஓட்ட இல்ல" என்றான் சாரதி. சொல்லிவிட்டு, செங்கலடிச் சந்திக்குப் போய் ஒரு கிலோ வறுத்த கச்சான் கடலையும் பெரிய பிளாஸ்க் நிறையப் பிளேன்டீயும் வாங்கிக்கொண்டு வந்தான்.

அந்த இரவைப் பற்றி நான் கூடச் சொல்லமாட்டேன். ஓய்வுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சாறியோடு பரண் ஏறிய விதத்தை என் பிள்ளைகளுக்கே சொல்லவில்லை. அதிகாரி நேரம் போகட்டும் என்று வேலிப் பராமரிப்புக் கைநூலை டோர்ச் வெளிச்சத்தில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பெரியவர்கள் வந்தார்கள். வந்ததும் அதிகாரி உரசிய நெருப்புக்குச்சி ஒன்றும் பற்றவில்லை. சாரதிதான் கைநூலைப் பறித்து மரத்தில் அடித்து அடித்துச் சத்தம் போட்டான். பிறகு வெடி பற்றியது. அவர்கள் திரும்பிப் போனார்கள். போகிறபோது, மரத்தடியில் அதிகாரி வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டியையும் கொண்டுபோனார்கள். அதன்பிறகு விடியும் மட்டும் அவர் ஒரு வார்த்தைதான் பேசினார்.

"பெட்டி வீட்டுக்காரிட."

விடிந்து கீழே இறங்கினோம். மூன்று பேருக்கும் கண்ணுக்குள் மண் போட்ட மாதிரி எரிந்தது. வாகனத்தில் இருந்து காட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதிகாரி மெல்லக் கேட்டார்.

"மிஸ், இந்தப் பொம்பிள ஒவ்வொரு நாளும் இப்பிடியா இரிக்கிற?"

"ஓம் சேர். தனிய."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போடவில்லை.

காலைப் போதனைக்குப் பல்தேவைக் கட்டடம் நிறைந்துவிட்டது. வரவு கிடைத்தவர்களும் புதினம் பார்க்க வந்து குந்தியிருந்தார்கள். எல்லோரும் நல்ல முழிப்பு. தவமணி மட்டும் வரவில்லை. எட்டு மணி ஆனது, எட்டரை ஆனது. வேலிக்காரர்கள் அளவு முடிக்க வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்கள். கையில் இருந்த சோக்கு வியர்வையில் ஊறிப்போனது.

"வாங்க, போய்ப் பாப்பம்" என்றார் அதிகாரி. அவரும் நானும் விதானையும் அவள் வீட்டுக்குப் போனோம்.

முன் விறாந்தையில் பாயில் படுத்திருந்தாள். கூப்பிட வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு நித்திரை. வாய் கொஞ்சம் திறந்து, ஒரு கை கன்னத்துக்குக் கீழே, மற்றக் கை பாய்க்கு வெளியே மண்ணில் விரித்தபடி. தலைமாட்டில் யோகராசா மாக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, ஓலைத் துண்டால் ஈ விரட்டியபடி இருந்தார். எங்களைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார்.

"வெள்ளாப்பில எழுப்பச் சொன்னவள் சேர்" என்றார், குரல் வெளியே வராமல். "பக்கத்தில வந்து இருந்த நான். எழுப்ப மனம் வரல்ல. கதிர் வந்த நாள் தொட்டு இண்டைக்குத்தான் இப்பிடிப் படுக்காள். என்னில பிழைதான். என்னையும் வெளியால போடுங்க, அவள எழுப்பாதீங்க."

விதானைக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன விசர்க்கதை, காணியெல்லவா போகப்போகுது" என்று சொல்லிவிட்டு, "தவம..." என்று தொடங்கினார். மதிப்பீட்டு அதிகாரி பாய்ந்து போய் அவருடைய வாயைக் கையால் பொத்தினார்.

ஊரில் மறு சொல் கேட்டறியாத விதானையின் வாயை ஒருவர் பொத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தரம். பொத்திய கையை எடுக்காமல் அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுப்புவதுதான் போதனை என்று சொன்னவர். எழுப்ப வந்தவர். பிறகு அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முற்றத்து மண்ணில் அடி மேல் அடி வைத்து வெளியே போனார்.

நேரே வயலுக்குப் போனார். உள்ளே வளைந்து நின்ற முதல் முளைக்கட்டையைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். சேறு முகத்தில் அடித்தது. அடுத்ததைப் பிடுங்கினார். வேலிக்கார மேற்பார்வையாளர் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"சேர், அந்தப் பொம்பிள போதனை எடுக்கல்லியே!"

வீடு எங்கேயோ இருந்தது, வயல் எங்கேயோ இருந்தது. ஆனாலும் அதிகாரி இரகசியக் குரலில்தான் பதில் சொன்னார்.

"போதனை எண்டா விழிக்கப் பண்ணுறது. அவ விழிச்சுத்தான் இரிந்திரிக்கா. விழிச்ச ஆளுக்குப் போதனை தேவையில்ல. விலக்கு எண்டு நான் எழுதிறன். இந்தாங்க, இதை அங்கால அடிங்க."

கட்டைகளைக் காட்டோரமாகக் கொண்டுபோய், அவளுடைய பரணுக்கும் அப்பால், நேராக அடித்தார்கள். அதிகாரி ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். பிறகு வாகனத்தில் ஏறி, கதவையும் சாத்தாமல், அப்படியே சாய்ந்து நித்திரையாகிவிட்டார். சாரதி அதற்கு முன்பே நித்திரை.

பகல் சாய்கிற நேரம் தவமணி ஓடிவந்தாள். தலை விரிந்து, கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. கட்டடத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு வயலுக்கு ஓடிவந்திருக்கிறாள். நானும் விதானையும் ஊரவர்கள் சிலரும் அங்கே நின்றோம். "மிஸ், நான் நித்திரையாகிட்டன் மிஸ். என்னை எழுப்பல்ல மிஸ்" என்று அழுதுகொண்டே வந்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டோரத்தில் நிறுத்தினேன்.

கட்டையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் காடு. இந்தப் பக்கம் திரும்பினாள், அவளுடைய நெல். திரும்பவும் கட்டையைப் பார்த்தாள். குனிந்து அதைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப இனி நான் ராவையில நித்திர கொள்ளலாமா மிஸ்?"

கட்டைதான் நின்றது, கம்பி இன்னும் வரவில்லை. தூண் நட்டுக் கம்பி இழுத்து முடிய இன்னும் எத்தனை இரவு போகும் என்று எனக்கே தெரியாது. இல்லையென்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? நான் ஊரவர்களைப் பார்த்தேன். ஒருவரும் நிலத்தைப் பார்க்கவில்லை. விதானை தொண்டையைச் செருமினார்.

"நீ போய்ப் படுகா. கம்பி வரும் மட்டும் உன்ட பரணில நாங்க முறை வைச்சு இரிக்கம். இண்டைக்கு நான்."